புராஸ்டேட்: எண்ணைப் பார்த்துப் பயப்படும் முன்
வாசகர் கேள்வி – டாக்டர் பதில்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பிதான் புராஸ்டேட். அது சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது பி.எஸ்.ஏ. பரிசோதனை. சென்ற இதழில் அதைப் பற்றிக் கேட்ட ஒரு வாசகருக்கு, 'அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்' என்று சில வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மும்பையில் மாட்டுங்காவிலிருந்து டோம்பிவிலி வரை பலர் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான கடிதங்கள் மனைவிகளும் மகள்களும் எழுதியவை. ஸ்கேன் அறையிலும் இதைத்தான் பார்க்கிறேன். அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மகள்தான் பையிலிருந்து ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைப்பாள்.

நான் அணு மருத்துவத் துறை டாக்டர். ஆபரேஷன் செய்வதும் கரண்ட் (ரேடியேஷன்) வைப்பதும் என் வேலை அல்ல. படம் எடுப்பதும், கதிரியக்க மருந்து கொடுப்பதும்தான். அதனால் படங்களைப் பற்றிய கேள்விகளுக்கு நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன். உங்களை நேரில் பார்க்கும் டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இந்தப் பக்கத்தைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எனக்கு 67 வயது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பி.எஸ்.ஏ. 6.8 வந்திருக்கிறது. யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப் பாதை டாக்டர்) பயாப்சி, அதாவது சதை எடுத்துச் சோதிப்பது, செய்துவிடலாம் என்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன், முதலில் எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? அல்ட்ராசவுண்டில் புராஸ்டேட் 60 சிசி. சிறுநீர் தடையில்லாமல் போக டாம்சுலோசினும் டூட்டாஸ்டரைடும் சேர்ந்த மாத்திரையை இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். வேறு தொந்தரவு இல்லை.
– வாசகர், மாட்டுங்கா

கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே அந்த மாத்திரை, உங்கள் கடிதத்தில் அதுதான் மிக முக்கியமான தகவல். டூட்டாஸ்டரைடு, ஃபினாஸ்டரைடு இரண்டுமே ஆறு மாதம், ஒரு வருடம் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. அளவைச் சுமார் பாதியாகக் குறைத்துவிடும். லேபில் வந்த 6.8-ஐ நீங்கள் கிட்டத்தட்ட 13.6 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த மாத்திரை சாப்பிடுவதை யூராலஜிஸ்டிடம் சொன்னீர்களா? மாத்திரையை எழுதிக்கொடுத்தவர் வேறு டாக்டர் என்றால் அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். நாளைக்கே சொல்லிவிடுங்கள்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்ப்போம். பெரிய சுரப்பி இயல்பாகவே அதிக பி.எஸ்.ஏ. சுரக்கும். அதனால் பி.எஸ்.ஏ. அளவைச் சுரப்பியின் கொள்ளளவால் வகுத்துப் பார்ப்பார்கள். 6.8-ஐ 60-ஆல் வகுத்தால் 0.11. இதை மட்டும் பார்த்தால், வயதால் வீங்கிய சுரப்பியாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் 13.6-ஐ வகுத்தால் 0.23 வருகிறது. 0.15-ஐத் தாண்டினால் டாக்டர்கள் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள். ஒரு மாத்திரையைச் சொல்லாமல் விட்டதால் கணக்கு எப்படித் தலைகீழாகிறது பாருங்கள்.

எம்.ஆர்.ஐ. விஷயத்தில் உங்கள் மகன் பக்கம்தான் நான். முன்பெல்லாம் பி.எஸ்.ஏ. கூடினால் நேரே ஆசனவாய் வழியாக ஊசி விட்டு, சுரப்பியின் பத்துப் பன்னிரண்டு இடங்களிலிருந்து குத்துமதிப்பாகச் சதை எடுப்பார்கள். கட்டி இருக்கும் இடத்தில் ஊசி படாமலே போகலாம். ஒன்றும் செய்யாத சின்னக் கட்டி அகப்பட்டு, அதற்கு வீணாகச் சிகிச்சையும் நடக்கலாம். 2018-இல் வெளியான பிரிசிஷன் ஆய்வில் 500 ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகமான இடத்தில் மட்டும் ஊசி போட்ட குழுவில் 38 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தேவைப்படக்கூடிய புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. பழைய முறையில் 26 சதவீதம்தான். அதோடு எம்.ஆர்.ஐ. குழுவில் 28 சதவீதம் பேருக்கு ஊசியே தேவைப்படவில்லை.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் பை-ராட்ஸ் என்று 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் இருக்கும். 4, 5 என்றால் பயாப்சி அவசியம். 1, 2 என்றால் பெரும்பாலும் காத்திருக்கலாம். ஆனால் உங்களைப் போல் அந்த வகுத்த கணக்கு அதிகமாக இருப்பவர்கள், படம் சுத்தமாக வந்தாலும் பயாப்சி வேண்டுமா என்று டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும். படத்தில் தெரியாத கட்டியும் உண்டு.

பயாப்சி என்று முடிவானால், விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியாகச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். மலக்குடல் கிருமி ரத்தத்தில் கலக்கும் ஆபத்து அதில் குறைவு. நம் ஊரில் பல ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கிருமிகள் மசிவதில்லை என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். உங்கள் யூராலஜிஸ்ட் பயாப்சி என்று சொன்னதிலும் தவறில்லை. அதற்கு முன் ஒரு படம், அவ்வளவுதான்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. பயாப்சியில் புற்றுநோய் உறுதியாகி, ஆபரேஷனா ரேடியேஷனா என்று முடிவெடுப்பதற்காக பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. புராஸ்டேட்டைத் தவிர உமிழ்நீர்ச் சுரப்பிகள், கண்ணீர்ச் சுரப்பிகள், சிறுநீரகங்கள், சிறுகுடல் எல்லா இடத்திலும் 'தீவிரமாக மருந்தை ஏற்கிறது' என்று போட்டிருக்கிறது. இடது விலா எலும்பில் ஒரு மங்கலான புள்ளியும் இருக்கிறதாம். உடம்பெல்லாம் பரவிவிட்டதா டாக்டர்? டாக்டரைப் பார்க்க இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அம்மா சாப்பிடவே இல்லை.
– மகள், செம்பூர்

முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் வரிசையாக எழுதியிருக்கும் உறுப்புகள் ஒவ்வொன்றும் என் உடம்பிலும் உங்கள் உடம்பிலும் இந்த ஸ்கேனில் பிரகாசமாகத்தான் தெரியும்.

புராஸ்டேட் புற்றணுக்களின் மேல்தோலில் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் ஏராளமாக இருக்கிறது. அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு மூலக்கூறில் காலியம் 68 என்ற கதிரியக்கத் தனிமத்தைச் சேர்த்து நரம்பில் ஏற்றுகிறோம். ஒரு மணி நேரம் காத்திருந்து, சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுத்தால் அது எங்கெல்லாம் சேர்ந்திருக்கிறது என்று கேமரா காட்டிவிடும். அதே புரதம் சிறுநீரகத்திலும் சிறுகுடலின் தொடக்கத்திலும் இயல்பாகவே உண்டு. உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளும் இந்த மருந்தை வழக்கமாக இழுத்துக்கொள்ளும். ரிப்போர்ட் எழுதும் நாங்கள் பார்த்ததையெல்லாம் பதிவு செய்ய வேண்டியிருப்பதால் இவற்றையும் எழுதுகிறோம். உண்மையில், நோய் மிக அதிகமாகப் பரவிய சிலருக்குக் கட்டிகளே மருந்தையெல்லாம் இழுத்துக்கொண்டு, உமிழ்நீர்ச் சுரப்பிகள் மங்கிப்போவதைத்தான் பார்த்திருக்கிறோம்.

விலா எலும்பு வேறு விஷயம். அதற்கு நிதானம் வேண்டும். தனியாக, மங்கலாக, ஒரே ஒரு விலா எலும்பில் தெரியும் புள்ளி பல நேரம் புற்றுநோயே அல்ல. எப்போதோ விழுந்த அடியாக இருக்கலாம், எலும்பில் பிறவியிலேயே உள்ள ஒரு சிறு மாற்றமாகவும் இருக்கலாம். காலியத்துக்குப் பதில் ஃபுளோரின் 18 சேர்த்த பி.எஸ்.எம்.ஏ. 1007 என்ற மருந்தைப் பயன்படுத்தினால் இந்த மாதிரிப் புள்ளிகள் இன்னும் அதிகமாகத் தெரியும். அப்பாவுக்கு எந்த மருந்து போட்டார்கள் என்று ரிப்போர்ட்டின் மேல் பகுதியில் இருக்கும், பாருங்கள். அப்பா எப்போதாவது மாடிப்படியில் விழுந்தாரா, ரயிலில் ஏறும்போது இடிபட்டாரா என்று கேட்டு வையுங்கள். அதே இடத்தில் சி.டி. படத்தில் எலும்பு எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். தேவைப்பட்டால் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம்.

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நிச்சயமில்லாத ஒரு விலா எலும்புப் புள்ளியை வைத்து, குணப்படுத்த வாய்ப்புள்ள ஒருவரை, நோய் பரவிய நான்காம் கட்டம் என்று எழுதிவிடுவது அவருடைய வாய்ப்பையே பறிப்பதாகும். யூராலஜிஸ்ட், ரேடியேஷன் டாக்டர், படம் படித்த டாக்டர் மூவரும் அந்தப் புள்ளியைப் பற்றிப் பேசினார்களா என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

இந்த ஸ்கேனை எடுத்தது சரியான முடிவுதான். ஆஸ்திரேலியாவில் 302 பேரை வைத்து நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், நோய் எங்கே இருக்கிறது என்பதை பி.எஸ்.எம்.ஏ. பெட் 92 சதவீதம் சரியாகச் சொன்னது. பழைய சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து 65 சதவீதம்தான். கதிர்வீச்சும் இதில் பாதிக்கும் குறைவு. காலியம் 68-இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 68 நிமிடம். காலையில் போட்ட மருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அநேகமாக இல்லாமலே போய்விடும்.

கேள்வி: வயது 64. பயாப்சியில் நோயின் தீவிரத்தைச் சொல்லும் க்ளீசன் மதிப்பெண் 3+3=6, இருப்பதிலேயே குறைந்த அளவாம். பி.எஸ்.ஏ. 5.4. டாக்டர் இப்போது எதுவும் வேண்டாம், கவனித்து வருவோம் என்கிறார். புற்றுநோயை உடம்பில் வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது என்று பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள்.
– வாசகர், காட்கோபர்

உங்கள் டாக்டரை எனக்குப் பிடித்திருக்கிறது. பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் ஆய்வில், சுரப்பியோடு நின்றிருந்த நோய் கொண்ட 1,643 பேரைக் கண்காணிப்பு, ஆபரேஷன், ரேடியேஷன் என்று மூன்றாகப் பிரித்தார்கள். 15 வருடம் கழித்து, 2023-இல் வந்த முடிவில், புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் கண்காணிப்பில் 3.1 சதவீதம், ஆபரேஷனில் 2.2, ரேடியேஷனில் 2.9. பெரிய வித்தியாசமே இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களில் நோய் பரவியது 9.4 சதவீதம் பேருக்கு, மற்ற இரண்டிலும் 5 சதவீதத்தை ஒட்டி. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஆய்வு தொடங்கிய காலத்தில் புராஸ்டேட்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை, உங்களைவிடத் தீவிரமான நோய் உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். அப்படியிருந்தும் கண்காணிப்புக் குழுவில் நான்கில் ஒரு பங்கினர் 15 வருடம் கழித்தும் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் உயிரோடு இருந்தார்கள்.

ஆபரேஷனுக்குப் பின் சிறுநீர் கசிவதும் தாம்பத்தியம் பாதிக்கப்படுவதும் பலருக்கு நடக்கிறது. தேவையே இல்லாத ஒருவர் அந்த விலையைக் கொடுக்கக் கூடாது. ஆனால் கண்காணிப்பு என்பது மறந்துவிடுவது அல்ல. குறித்த காலத்தில் பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., மறுபடி பயாப்சி எல்லாம் உண்டு. ஊருக்குப் போய் ஆறு மாதம் தங்கினாலும் அங்கே ரத்தம் கொடுத்து ரிப்போர்ட்டை அனுப்ப வேண்டும். அதைச் செய்ய முடியாது என்றால் இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு மூன்று வருடத்துக்கு முன் புராஸ்டேட்டை எடுத்துவிட்டார்கள். பி.எஸ்.ஏ. 0.05-ஆக இருந்தது, இப்போது 0.24. பெட் ஸ்கேன் எடுக்கலாமா, இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று காத்திருக்கலாமா?
– வாசகி, டோம்பிவிலி

சுரப்பியே இல்லாத உடம்பில் பி.எஸ்.ஏ. இருக்கக் கூடாது. 0.2-ஐத் தாண்டி ஏறினால் நோய் திரும்புகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். மறுபடி ஒருமுறை ரத்தம் கொடுத்து உறுதி செய்துவிட்டு, ரேடியேஷன் டாக்டரைப் பாருங்கள். ஸ்கேன் எடுக்கலாம், ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொண்டு எடுங்கள். 635 பேரை வைத்து 2019-இல் வந்த ஓர் ஆய்வில், பி.எஸ்.ஏ. 0.5-க்குக் கீழ் இருந்தவர்களில் 38 சதவீதம் பேருக்குத்தான் இடம் தெரிந்தது. 5-க்கு மேல் போனவர்களில் 97 சதவீதம் பேருக்குத் தெரிந்தது.

அப்படியானால் 5 வரை காத்திருக்கலாமே என்று தோன்றும். கூடாது. ஆபரேஷன் செய்த இடத்தில் ரேடியேஷன் கொடுத்துக் குணப்படுத்தும் வாய்ப்பு, பி.எஸ்.ஏ. குறைவாக இருக்கும்போதுதான் அதிகம். படம் நன்றாக வர வேண்டும் என்பதற்காக நோயை வளரவிட முடியாது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். 'தெரியாவிட்டாலும் ரேடியேஷன் கொடுப்பீர்களா?' என்று ஸ்கேனுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டாக்டரம்மா, எங்கள் வீட்டுக்காரருக்கு 63 வயது. எலும்பில் பரவியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி, தினமும் அபிராடெரோன் நான்கு மாத்திரை, அதோடு ஒரு ஸ்டீராய்டு மாத்திரை. ராத்திரியில் திடீரென்று உடம்பெல்லாம் கொதிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். டி.வி. பார்த்தால்கூட அழுகிறார். அப்படிப்பட்ட ஆளே இல்லை. ஊசிச் செலவு தாங்கவில்லை. விரையை எடுத்துவிட்டால் ஊசி வேண்டாம் என்கிறார்கள். அதைக் கேட்டதும் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. நான் என்ன செய்ய?
– வாசகி, தாராவி

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. ராத்திரியில் வரும் கொதிப்பும் அழுகையும் அவர் மனசு தளர்ந்ததால் மட்டும் வருவது அல்ல. ஆண் ஹார்மோனை ஊசி நிறுத்திவிட்டது. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்தில் நடப்பதுதான் அவருக்கும் நடக்கிறது. நீங்கள் அதைக் கடந்து வந்திருப்பீர்கள். அவரிடம் அதை நீங்களே சொல்லுங்கள், டாக்டர் சொல்வதைவிட அது அவருக்குப் புரியும். பருத்திச் சட்டை, ராத்திரியில் காபியையும் காரத்தையும் குறைப்பது, ஃபேன் பக்கத்தில் படுக்கை என்று முதலில் பார்க்கலாம். போதவில்லை என்றால் கொதிப்பைக் குறைக்கவும் மாத்திரை உண்டு. அழுகை நாளெல்லாம் இருந்தாலோ, சாப்பாடும் தூக்கமும் போனாலோ மனநல டாக்டரையும் பார்க்க வேண்டும். இந்த ஊசியால் எலும்பு மெலியும், தசை குறையும், சர்க்கரை ஏறும். தினமும் அரை மணி நடக்கச் சொல்லுங்கள். கால்சியம், வைட்டமின் டி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

விரை நீக்கம் பற்றி. ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்த நோய் சுருங்கும் என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டியது இந்த ஆபரேஷனை வைத்துத்தான். 1966-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஊசி செய்யும் அதே வேலையை அது ஒரே நாளில், ஒரே தடவையில் செய்கிறது. பலனில் குறைவில்லை. பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அது திரும்பப் பெற முடியாதது. ஒரு ஆணுக்கு அது என்னவாகத் தோன்றும் என்பதை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தோல் பையை அப்படியே விட்டு உள்ளிருக்கும் திசுவை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு, வெளித்தோற்றம் அதிகம் மாறாது. இதை டாக்டர் அவரிடம் தனியாக உட்கார்ந்து சொல்ல வேண்டும். நீங்களும் வீட்டிலுள்ளவர்களும் பணத்தைச் சொல்லி நெருக்காதீர்கள்.

செலவுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. ஆண் ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் அபிராடெரோனை இந்தியக் கம்பெனிகள் பல தயாரிக்கின்றன, விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வெறும் வயிற்றில் 1,000 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. கொழுப்பு குறைந்த காலை உணவோடு 250 மில்லிகிராம் கொடுத்தாலும் பி.எஸ்.ஏ. அதே அளவு குறைகிறது என்று 72 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2018-இல் வந்தது. அப்படிக் கொடுக்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாற்றிவிடாதீர்கள், ஏனென்றால் நெய், எண்ணெய் அதிகமான சாப்பாட்டோடு இந்த மாத்திரை பல மடங்கு ரத்தத்தில் ஏறும். ஸ்டீராய்டு மாத்திரையை மிச்சம் பிடிக்க நினைத்து நிறுத்தவே கூடாது. அது இல்லாவிட்டால் ரத்தக் கொதிப்பு ஏறும், பொட்டாசியம் குறையும், கால் வீங்கும். ரேஷன் கார்டு, ஆதார் இரண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். மகாராஷ்டிர அரசின் ஜோதிராவ் புலே மருத்துவ உதவித் திட்டத்தில் என்னென்ன கிடைக்கும் என்று அவர் சொல்வார்.

கேள்வி: ஒருவருக்கு 37 நாள் கரண்ட் வைத்தார்கள், இன்னொருவருக்கு 5 நாளில் முடித்துவிட்டார்கள். குறைத்து வைத்தால் பலனும் குறையாதா?
– வாசகர், சயான்

குறையாது, நோயின் வகை பொருந்தினால். குறைந்த, நடுத்தர ஆபத்துள்ள 874 பேரை வைத்து நடந்த பேஸ்-பி ஆய்வு 2024-இல் வெளியானது. 5 தடவையில் முடித்தவர்களில் 95.8 சதவீதம் பேரும், 20 அல்லது 39 தடவை வைத்தவர்களில் 94.6 சதவீதம் பேரும் ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கொடுக்கும் அளவு அதிகம் என்பதால் மெஷினும் குறி வைப்பதும் மிகத் துல்லியமாக இருக்க வேண்டும்.

தீவிர நோய்க்கு நம் பரேல் டாட்டா மெமோரியல் மருத்துவமனையிலேயே ஓர் ஆய்வு நடந்தது. 224 பேரில், புராஸ்டேட்டுக்கு மட்டும் வைத்தவர்களைவிட இடுப்புப் பகுதி நிணக்கணுக்களுக்கும் சேர்த்து வைத்தவர்களுக்கு நோய் திரும்புவது நன்றாகக் குறைந்தது. ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், நிணக்கணுக்களுக்கும் சேர்த்து வைத்தவர்களில் 95 சதவீதம், புராஸ்டேட்டுக்கு மட்டும் வைத்தவர்களில் 81.2 சதவீதம். சிறுநீர்த் தொந்தரவு கொஞ்சம் கூடியது. இன்று உலகம் முழுக்க இந்த ஆய்வை வைத்து விவாதிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் நாட்கணக்கோடு உங்களுடையதை ஒப்பிட வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு ஊசி, மாத்திரை, கீமோ எல்லாம் முடிந்து பி.எஸ்.ஏ. மறுபடி ஏறுகிறது. லுட்டீசியம் சிகிச்சை சொல்கிறார்கள். இது குணப்படுத்துமா? வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. ஒன் ரூம் கிச்சன், ஒரே பாத்ரூம்.
– மகன், தானே

குணப்படுத்தாது. வாழ்நாளைக் கூட்டும், வலியைக் குறைக்கும், சிலருக்கு வியக்கும்படி வேலை செய்யும். 2021-இல் வந்த விஷன் ஆய்வில் 831 பேரில், இதைப் பெற்றவர்களில் பாதிப்பேர் 15.3 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். பெறாதவர்களுக்கு அது 11.3 மாதம். இந்த எண்ணை உங்கள் அப்பாவின் நெற்றியில் எழுதியதாக நினைக்காதீர்கள். அதைவிட நன்றாக இருந்தவர்களும் உண்டு, பலனே கிடைக்காதவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2022-இல் அனுமதி கிடைத்தது. 2025-இலிருந்து கீமோவுக்கு முன்பே கொடுக்கவும் அனுமதித்திருக்கிறார்கள்.

படம் எடுக்கப் பயன்படும் அதே வகை மூலக்கூறுதான். காலியத்துக்குப் பதில் லுட்டீசியம் 177. அது வெளிவிடும் பீட்டா கதிர் திசுவுக்குள் 2 மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடும், அதனால் ஒட்டிய இடத்தில்தான் சேதம். ஆகவே பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேனில் அப்பாவின் கட்டிகள் நன்றாக ஒளிர்கின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. ஒளிராத கட்டிக்கு இந்த மருந்து போய்ச் சேராது. எலும்பு மஜ்ஜையும் சிறுநீரகமும் தாங்குமா என்றும் பார்ப்பார்கள். விஷன் ஆய்வில் ஆறு வாரத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் ஆறு முறை கொடுத்தார்கள். வாய் உலர்வது, களைப்பு, குமட்டல், ரத்த அணுக்கள் குறைவது ஆகியவை முக்கியமான பக்கவிளைவுகள்.

ஒரு சந்தோஷமான செய்தியையும் சொல்லிவிடுகிறேன். லுட்டீசியம் 177 செம்பூரைத் தாண்டி டிராம்பேயில் உள்ள துருவா அணு உலையில் உற்பத்தியாகிறது. 1985-இல் இயங்கத் தொடங்கிய உலை அது. அரை ஆயுள் ஒரு வாரத்துக்கும் குறைவான மருந்தை கப்பலில் வரவழைத்து வைத்திருக்க முடியாது. இங்கேயே தயாராவதால்தான் நம் நாட்டில் இவ்வளவு பேருக்கு இதைக் கொடுக்க முடிகிறது. டிராம்பே ஆட்களின் உழைப்பை நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

குழந்தை விஷயம். மருந்து ஏற்றியபின் அப்பாவைத் தனி அறையில் வைத்திருந்து, உடம்பிலிருந்து வெளிவரும் கதிர்வீச்சை மீட்டரில் அளந்த பிறகுதான் அனுப்புவார்கள். குழந்தையையும் கர்ப்பிணிகளையும் விட்டு எத்தனை நாள் தள்ளியிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள். ஒன் ரூம் கிச்சனில் அது கஷ்டம். அந்த நாட்களுக்கு உங்கள் மனைவி குழந்தையோடு தன் அம்மா வீட்டுக்குப் போய்வர முடிந்தால் தேதியைத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். மருந்து பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறும். அப்பா உட்கார்ந்து சிறுநீர் கழிக்கட்டும், இரண்டு முறை தண்ணீர் விடட்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். ஒரே பாத்ரூம் போதும். அவர் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். அவரைத் தொடக்கூடாது, தனித் தட்டில் சாப்பாடு போட்டுத் தள்ளிவிட வேண்டும் என்றெல்லாம் செய்துவிடாதீர்கள். ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து பெரியவர்கள் தாராளமாகப் பேசிக்கொண்டிருக்கலாம்.

அப்பாவுக்கு 70 வயது தாண்டியிருந்தால், வருமானம் எவ்வளவு என்றாலும் ஆயுஷ்மான் பாரத் அட்டை வாங்க முடியும். 2024 அக்டோபரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சிகிச்சைக்கு அது செல்லுமா என்று நீங்கள் போகும் மருத்துவமனையின் கவுன்ட்டரில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: புராஸ்டேட் புற்றுநோய்க்கு மூலிகைப் பொடி என்று ஒருவர் தருகிறார். பக்கவிளைவு இல்லை என்கிறார். சாப்பிடலாமா?
– வாசகர், கல்யாண்

வேண்டாம். அமெரிக்காவில் பி.சி.-ஸ்பெஸ் என்ற மூலிகைக் கலவையைச் சாப்பிட்டுப் பலருக்கு பி.எஸ்.ஏ. குறைந்தது. பரிசோதித்துப் பார்த்தால் அதற்குள் செயற்கைப் பெண் ஹார்மோனும் ரத்தத்தை உறையவிடாத மருந்தும் கலந்திருந்தன. 2002-இல் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றார்கள். ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்திருந்தால் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் திட்டினாலும் பரவாயில்லை.

கேள்வி: எனக்கு 45 வயது. அப்பாவுக்கு 58 வயதில் இந்த நோய் வந்தது. நான் இப்போதே பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டுமா?
– வாசகர், நவி மும்பை

பார்த்துவிடுங்கள். சிறுநீரில் தொற்று இருக்கும் சமயத்தில் மட்டும் வேண்டாம், எண் தவறாக ஏறிவிடும். சாதாரணமாக வந்தால் அடுத்து எப்போது என்று டாக்டர் சொல்வார், வருடா வருடம் தேவைப்படாமலும் போகலாம். அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து உங்கள் கோப்பில் வையுங்கள். அப்பா வழியிலோ அம்மா வழியிலோ அத்தை, சித்தி, பெரியம்மா யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததா என்று விசாரியுங்கள். நம் வீடுகளில் இதை 'வயிற்றில் கட்டி' என்று சொல்லி மூடிவிடுவார்கள், கொஞ்சம் தோண்டித்தான் கேட்க வேண்டும். அப்படி இருந்தால், இந்தப் புற்றுநோய்களைக் குடும்பத்தில் தொடரவைக்கும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உண்டா என்ற சோதனை பற்றி டாக்டரிடம் பேசுங்கள். உங்களுக்கு அந்த மரபணு மாற்றம் இருந்தால் உங்கள் தங்கையும் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.